மஞ்சள் பேருந்தும் தாய்மொழிக் கல்வியும்: எல்லைப்புறக் குழந்தையின் வழி யாருடைய பொறுப்பு?

2025 ஜூலை 8 அன்று இரண்டு செய்திகள் வந்தன. கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தனர். அதே நாளில் கேரளத்தில் தனியார் பேருந்து உரிமையாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். மாணவர் சலுகைக் கட்டணத்தை உயர்த்தவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. முதற்செய்தி ரயில் விபத்தாகவும் இரண்டாவது போக்குவரத்துத் துறைத் தகராறாகவும் பேசப்பட்டன. இரண்டையும் கல்விச் செய்தியாக வாசித்தவர் அரிது.

குழந்தையின் வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடைப்பட்ட தொலைவு எந்தத் துறைக்கும் சொந்தமில்லை என்பதே இதற்குக் காரணம். போக்குவரத்துத் துறை வண்டியைப் பார்க்கிறது. கல்வித் துறை வகுப்பறையைப் பார்க்கிறது. நடுவில் உள்ள வழியைப் பார்ப்பவள் தாய் மட்டுமே.

வாகன விதிகள் இல்லாமலில்லை. 1997 நவம்பரில் தில்லி வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபின், உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கான நெறிகளை வகுத்தது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபின், சென்னை உயர் நீதிமன்றம் தாமே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழக அரசு அவ்வாண்டே சிறப்பு விதிகளை இயற்றியது. நிறம், வேகம், படியின் உயரம், உதவியாளர் என யாவும் எழுதப்பட்டுள்ளன. எல்லாம் இருக்கின்ற பேருந்துக்கான விதிகள். பேருந்தே இல்லாத குழந்தையைப் பற்றி இவ்விதிகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் குழந்தையைக் காண்பதற்குக் கோபாலபுரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றில் மாநில எல்லையிலேயே அமைந்த சிற்றூர் அது. சோதனைச் சாவடியால் பெயர் அறியப்பட்ட ஊர். அதையொட்டிய சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி முதலிய ஊராட்சிகளில் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினர். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வரையப்பட்டபோது இம்மக்கள் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். தென்னந்தோப்பிலும் வயலிலும் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் இங்கு மிகுதி. அரசின் தமிழ்வழி வகுப்புகள் உள்ளன. பாடநூல்களும் தமிழில் அச்சாகி வருகின்றன. ஆனால் தமிழ்வழி வகுப்பு உள்ள பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. நான்காம் வகுப்போடு கீழ்நிலைத் தொடக்கப்பள்ளி முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் அடுத்தடுத்த பள்ளி, அடுத்தடுத்த தொலைவு.

இங்குதான் சட்டத்தின் அளவுகோல் பிழைபடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி மைய அரசு வகுத்த மாதிரி விதிகள், ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவிலும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர் தொலைவிலும் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன. பள்ளி இல்லாத சிற்றூர்க் குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்து முதலிய ஏற்பாடுகளைச் செய்யவேண்டும் என்றும் கூறுகின்றன. இந்த அளவுகோல் கிலோமீட்டரை அறியும், மொழியை அறியாது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் மலையாளவழிப் பள்ளி இருந்தால் தமிழ்க் குழந்தைக்கும் பள்ளி இருக்கிறது என்றே கணக்காகும். அதன் தாய்மொழிவழிப் பள்ளி ஏழு கிலோமீட்டரில் இருந்தாலும் அத்தொலைவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956இல் ஏழாவது திருத்தத்தின்வழி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான போதிய வசதிகளை அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் பொருள். ‘போதிய வசதிகள்’ என்ற தொடரை அரசுகள் இதுவரை ஆசிரியர், பாடநூல், வகுப்பறை என்றே வாசித்து வந்துள்ளன. சென்றடைய முடியாத வகுப்பறை எப்படி வசதியாகும்? கிணறு இருக்கிறது, கயிறு இல்லை என்றால் தண்ணீர் இருக்கிறது என்று எவரும் சொல்லமாட்டார்.

இது அதீதமான வாசிப்பு என்று தோன்றுமாயின், வேல்சு நாட்டைப் பார்க்கலாம். அங்கே 2008இல் இயற்றப்பட்ட மாணவர் பயணச் சட்டம், தொடக்கப்பள்ளி மாணவர்க்கு இரண்டு மைலுக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு மூன்று மைலுக்கும் அப்பால் பள்ளி இருந்தால் இலவசப் போக்குவரத்தை உள்ளாட்சியின் கடமையாக்கியது. வேல்சு மொழிவழிக் கல்விக்கான அணுக்கத்தை வளர்ப்பதும் அக்கடமையைச் செய்யும்போது கருதவேண்டியது என்று அதே சட்டத்தில் எழுதியது. ஒரு சிறுபான்மை மொழியின் எதிர்காலம் பேருந்து வழித்தடத்தோடு பிணைந்தது என்பதை அந்நாடு சட்டமாகவே ஒப்புக்கொண்டது. இங்கோ மொழி ஓர் அலுவலகம், பேருந்து வேறோர் அலுவலகம்.

இவ்விடைவெளியில் நுழைவது மஞ்சள் வண்ணம் பூசிய தனியார் பள்ளிப் பேருந்து. அது வீட்டுத் திருப்பம்வரை வருகிறது; காலையில் குழந்தையை ஏற்றிக்கொண்டு மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடுகிறது. தாய் எட்டு மணிக்கு வேலைக்குப் போகலாம். அந்தப் பேருந்து அழைத்துச் செல்லும் பள்ளியின் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம். அப்பள்ளியில் குழந்தையைச் சேர்த்தவுடன் ஆய்வாளர்கள் வந்து ‘ஆங்கில மோகம்’ என்று எழுதிச் செல்கின்றனர். மொழி மனப்பான்மையை அளக்கும் வினாநிரல்களில் எந்த மொழி பயன் தரும், எந்த மொழி மதிப்புடையது என்ற வினாக்கள் வரிசையாக இருக்கும். காலையில் எந்த வண்டி உங்கள் தெருவுக்கு வருகிறது என்ற வினா இராது. மோகம் இல்லை என்பதன்று வாதம். ஆங்கிலத்தின் ஈர்ப்பு உண்மையானது. ஆனால் ஒரு பள்ளி வண்டி அனுப்புகிறது, மற்றொன்று அனுப்பவில்லை என்ற நிலையில் பெற்றோர் செய்யும் தேர்வை மொழித் தேர்வு என்று மட்டும் படிப்பது ஆய்வு நேர்மையாகாது. கூலித் தாயின் ஒருநாள் ஊதியத்தைக் கணக்கில் கொள்ளாத மொழிப்பெயர்ச்சி ஆய்வு பாதி ஆய்வே.

அரசுப் பள்ளிகளுக்குப் பேருந்தே இல்லையா எனில், கேரளத்தில் பல பள்ளிகளுக்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலிருந்து வண்டி வாங்கித் தரப்படும். மாலையிட்டு, கொடியசைத்து, படம் எடுத்துக்கொள்வர். மறுநாள் முதல் ஓட்டுநர் சம்பளம், டீசல், காப்பீடு, பழுது ஆகியவற்றின் சுமை பெற்றோர்-ஆசிரியர் கழகத்தின் தலையில் விழும். கழகம் பெற்றோரிடம் மாதக் கட்டணம் வாங்கும். வசதியுள்ள ஊரில் வண்டி ஓடும். கூலிக் குடும்பங்கள் மிகுந்த ஊரில் கட்டணம் நிலுவையாகி, வண்டி பள்ளி மரத்தடியில் நிற்கும். கல்வியாண்டின் ஆறாம் வேலைநாளில் எடுக்கப்படும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே அங்கு ஆசிரியப் பணியிடங்கள் நிலைக்கின்றன. வண்டி ஓடாவிட்டால் எண்ணிக்கை குறையும்; எண்ணிக்கை குறைந்தால் பிரிவு குறையும்; பிரிவு குறைந்தால் ஆசிரியர் வேறிடம் செல்வார். எனவே தம் சம்பளத்திலிருந்து வண்டிச் செலவுக்குக் கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு. மாணவர் குறைந்த தமிழ்வழிப் பிரிவில் இச்சுழல் இன்னும் விரைவாகச் சுழலும். பின்னர் ‘தமிழ்வழிக்கு ஆள் இல்லை’ என்ற குறிப்போடு கோப்பு மூடப்படும். ஆள் இல்லாமல் பேருந்து நின்றதா, பேருந்து நின்றதால் ஆள் இல்லாமற் போனதா என்று கேட்பார் இல்லை.

சலுகைக் கட்டணத்தில் பொதுப் பேருந்தில் செல்லலாமே என்பர். கேரளத்தில் மாணவர் பயணச் சலுகைக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1958இல் குட்டநாட்டில் படகுக் கட்டணத்தை ஓரணாவிலிருந்து பத்துக் காசாக உயர்த்தியதை எதிர்த்து மாணவர்கள் நடத்திய கிளர்ச்சி ‘ஓரணாச் சமரம்’ என்றே பெயர்பெற்றது. அச்சமரம் காத்த சலுகை இன்று எந்நிலையில் உள்ளது? 2022இல் குறைந்தபட்சக் கட்டணம் எட்டு ரூபாயிலிருந்து பத்து ரூபாயாக உயர்ந்தபோது மாணவர்க்கான குறைந்தபட்சம் ஒரு ரூபாயாகவே வைக்கப்பட்டது. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆனால் மீதி ஒன்பது ரூபாயை அரசு தருவதில்லை. தனியார் பேருந்துக்காரர் ஏற்கவேண்டும். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் கதை இது. இழப்பாகக் கருதப்படும் பயணிக்கு வண்டி நிற்பதில்லை. நின்றாலும் மற்றவர் ஏறியபின்னரே மாணவர் ஏறவேண்டும். நடத்துநருக்கும் மாணவருக்கும் நாள்தோறும் நடக்கும் சண்டையின் வேர் அவர்களுடைய பண்பில் இல்லை. அரசு செய்யாத செலவில் இருக்கிறது. பாலக்காடு உள்ளிட்ட வட மாவட்டங்கள் தனியார் பேருந்தை மிகுதியாக நம்பியிருப்பதால் அடி அங்கேதான் பலமாக விழுகிறது.

பேருந்தும் இல்லை, சலுகையும் எட்டவில்லை எனில் எஞ்சுவது நடை. 2024 டிசம்பர் 12 அன்று பாலக்காடு மாவட்டம் கல்லடிக்கோடு அருகே பனயம்பாடத்தில், தேர்வு எழுதி வீடு திரும்பிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவியர் நால்வர் மீது சிமெண்ட் லாரி கவிழ்ந்தது; நால்வரும் இறந்தனர். சாலையின் வளைவும் வழுக்கலும் பேசப்பட்டன. தேசிய நெடுஞ்சாலையின் ஓரமே பள்ளிக்கூடப் பாதையாக இருப்பது பேசப்படவில்லை. கோபாலபுரம் சாலையும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் லாரிகளின் சாலைதான்.

இடுக்கியில் நிலைமை வேறு வடிவம் கொள்கிறது, வேர் ஒன்றே. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைப்போருள் தமிழர் மிகுதி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தருமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. எழுபதாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அச்சட்டம் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. அதற்குப்பின் குழந்தை எஸ்டேட்டை விட்டு வெளியே படிக்கவேண்டும், வழிக்கு ஜீப்தான். பங்குக் கட்டணம் கொடுத்து, அளவுக்குமீறி ஏற்றப்பட்ட ஜீப்பில், மழைக்காலத்தில் மலைச்சாலையில் பயணம். தாயோ குழந்தை கிளம்புமுன்பே கொழுந்து பறிக்கப் போயிருப்பாள்.

அரசு இதை அறியாததன்று. தொலைவுக் குடிகளில் வாழும் பழங்குடிக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துவரக் கேரள அரசு முதலில் ‘கோத்ரசாரதி’ என்றும் பின்னர் ‘வித்யாவாகினி’ என்றும் திட்டம் நடத்துகிறது. வண்டிச் செலவை அரசே ஏற்கிறது. வழி என்பது கல்வியின் பகுதி என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டுவிட்டது. அதே மலையில், அதே சாலையில், அதே மழையில் நிற்கும் தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கு அக்கொள்கை பொருந்தாமற் போவது ஏன்? பழங்குடிகளுக்கான ஒதுக்கீட்டைப் பங்குபோடச் சொல்வதன்று இக்கேள்வி. கொள்கையை விரிக்கச் சொல்வது.

எல்லைப்புறத்தில் பள்ளிப் பேருந்தின்மை குழந்தையின் மொழியை மாற்றுகிறது என்றால், நகரத்தில் அது தெருவையே அடைக்கிறது. சென்னையிலும் ஒரு கோபாலபுரம் உண்டு. பெயர் பெற்ற பள்ளிகள் நெருங்கி அமைந்த அப்பகுதியின் தெருக்களில், காலையிலும் பிற்பகலிலும் பள்ளி விடும் நேரத்தில் கார்கள் இரட்டை வரிசையில் நிற்கும். அவ்வை சண்முகம் சாலைவரை நெரிசல் நீளும். எல்லைக் கோபாலபுரத்தில் ஒரு குழந்தைக்கு வண்டி இல்லை. சென்னைக் கோபாலபுரத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு வண்டி. இரண்டும் ஒரே கொள்கையின் விளைவுகள்: வழி பெற்றோர் பாடு.

கணக்கு எளியது. ஆயிரம் மாணவர் பயிலும் பள்ளியில் நானூறு பேரைப் பெற்றோர் தனித்தனி வண்டியில் கொண்டுவந்து விடுவதாகக் கொள்வோம். ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் நான்கு ஓட்டம். அவற்றுள் இரண்டில் குழந்தையே வண்டியில் இராது. ஆக 1600 ஓட்டங்கள். அதே நானூறு பேருக்கு ஐம்பது இருக்கைப் பேருந்து எட்டு போதும்; வெறுமையாகச் செல்லும் நடைகளையும் சேர்த்து 32 ஓட்டங்கள். உடன்பிறந்தோர் ஒரே வண்டியில் வருவதைக் கழித்தாலும் இவ்வேறுபாடு கரையாது. மேம்பாலம் கட்டித் தீர்க்கமுடியாத நெரிசல் இது.

அந்த 1600 ஓட்டங்களை ஓட்டுவோர் யார் என்பதும் கேட்கப்படவேண்டும். பெரும்பாலும் தாய்மார், தாத்தாக்கள். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி பள்ளி வாசலுக்கு அளந்துவிட்ட பெண் முழுநேர வேலைக்குச் செல்வது அரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்வோர் எவ்வளவு தொலைவு, எந்த வண்டியில் செல்கின்றனர் என்று கேட்டது. பள்ளிக்குச் செல்லும் குழந்தை எப்படிச் செல்கிறது என்று கேட்கவில்லை. கொண்டுவிடும் தாயின் பயணமும் வேலைக்கான பயணம் அன்று என்பதால் அதுவும் கணக்கில் இல்லை. எண்ணப்படாத பயணத்துக்குத் திட்டம் தீட்டப்படுவதில்லை.

மறுப்புகள் இரண்டு எழும். முதலாவது, செலவு. இச்செலவு புதிதன்று, இன்றே செய்யப்பட்டு வருகிறது. பெட்ரோலாக, ஜீப் கட்டணமாக, தாயின் இழந்த கூலியாக, தனியார் பள்ளிக் கட்டணமாக ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கொடுக்கிறது. தனித்தனியே கொடுப்பதைவிடச் சேர்ந்து கொடுப்பது மலிவு. பயணத்துக்கான செலவு கல்விக்கான செலவே என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவியர் மிதிவண்டித் திட்டம், உயர்நிலைக் கல்வியில் சிறுமியர் சேர்க்கையை 32 விழுக்காடு உயர்த்தியதாகக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு கண்டறிந்தது. புதிய பள்ளியோ புதிய ஆசிரியரோ அன்று, ஒரு மிதிவண்டி.

இரண்டாவது மறுப்பு, குழந்தைகள் நடக்கட்டும், ஜப்பானில் குழந்தைகள் குழுவாக நடந்தே செல்கின்றனரே என்பது. நல்ல வாதம், ஆனால் அரைகுறை வாதம். அங்கு தொடக்கப்பள்ளி அந்தந்தக் குடியிருப்புக்கு உரியது. பெரும்பாலான குழந்தைகள் தம் பகுதிப் பள்ளியிலேயே சேர்கின்றனர். அருகமைப் பள்ளியைத் தரமாகவும் குழந்தையின் மொழியிலும் அமைத்தபின் நடைபாதை போட்டுக் கொடுத்தால் நடக்கலாம். முன்னதைச் செய்யாமல் பின்னதைக் கேட்பது குழந்தையின் காலைப் பழிப்பதாகும்.

செய்யவேண்டியவை தெளிவு. அருகமைப் பள்ளியின் தொலைவை அளக்கும்போது, குழந்தையின் தாய்மொழிவழி வகுப்பு உள்ள பள்ளிக்கான தொலைவையே மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அளக்கவேண்டும். அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பேருந்து ஓட்டச் செலவைப் பெற்றோர் கழகத்திடமிருந்து எடுத்துக் கல்வி நிதிநிலை அறிக்கையில் சேர்க்கவேண்டும். மாணவர் சலுகையின் மீதித் தொகையை அரசே பேருந்துக்காரர்க்குத் தரவேண்டும். தோட்டப் பகுதிகளுக்கு வித்யாவாகினி போன்ற திட்டம் வேண்டும். எல்லை தாண்டிப் பயிலும் குழந்தைகளுக்காகப் பள்ளிப் பேருந்தின் உரிமத்தையும் வரியையும் இரு மாநிலங்களும் பேசி இலகுவாக்கவேண்டும். நகரங்களில் பெரிய பள்ளிக்கு ஏற்பளிக்கும்போது தீயணைப்புச் சான்று கேட்பதுபோல் பயணத் திட்டமும் கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, குழந்தை எப்படிப் பள்ளிக்கு வருகிறது என்ற ஒரு வினா சேர்க்கைப் படிவத்தில் இடம்பெறவேண்டும்.

தாய்மொழிக் கல்வி குறித்த கருத்தரங்குகள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன, தீர்மானங்களும் நிறைவேறுகின்றன. பெப்ரவரி 21 அன்று உரையாற்றுவோர் ஒரே ஒரு காலை கோபாலபுரம் நிறுத்தத்தில் ஏழரை மணிக்கு வந்து நிற்பார்களாயின் பல தீர்மானங்களின் வாசகம் மாறும். அங்கு ஒரு தாய் சாலையின் இருபுறமும் பார்த்தபடி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எட்டு மணிக்கு அவள் தோப்பில் இருக்கவேண்டும். முதலில் எந்தப் பள்ளியின் வண்டி வருகிறதோ, அக்குழந்தை எந்த மொழியில் படிக்கும் என்பதை அந்த வண்டியே முடிவுசெய்கிறது.